ஜன்னலோரத்தில் தூங்குகிறவர்

"கீறட்டுமா, வேணாமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

கோதண்டத்தின் கையில் உளி இருந்தது. மடியில் மரக்கட்டை. மேலே, பாலத்து ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஒருத்தர் காத்திருந்தார்.

டீச்சர் தலையைத் தூக்கவில்லை. மை தடவிய கட்டைமேல் காகிதத்தைப் போட்டு, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அச்சு மெஷின் கிடையாது. கரண்டிதான் மெஷின்.

"டீச்சர்."

"காது கேக்குது அங்கிள்."

கோதண்டத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சர் வதனிக்கு இருபத்து நாலு. யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று அரசலாற்றுப் பாலத்துக்கு அடியில் யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை.

விஷயம் இதுதான். கோதண்டம் ஒரு படம் செதுக்கியிருந்தார். பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு பெண். மடியில் டிபன் பை. ஜிப் போய்விட்டதால் பையில் ஊக்கு குத்தியிருக்கும். அவ்வளவுதான் படம். அதைக் கட்டையில் செதுக்கியாயிற்று என்றால், மை தடவித் தடவி எத்தனை காகிதத்தில் வேண்டுமானாலும் ஒற்றி எடுக்கலாம். பதினோரு படம் விற்றிருந்தது.

அப்போதுதான் சுதர்சன் வந்தார். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள். அதற்கு உள் அலங்காரம் செய்கிறவர் அவர். முப்பது அறை. முப்பதிலும் இந்தப் படம் வேண்டும். நல்ல விலை. நல்ல விலை என்றால், கோதண்டத்தின் மனைவி தவமணி ரெண்டு வருஷம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம். அவ்வளவு.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தப் படம் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. முப்பது எடுத்து முடித்ததும் கட்டையில் குறுக்கே ரெண்டு கோடு கீறிவிட வேண்டும். இது அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. இந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். கீறிவிட்டால் கட்டை செத்தது. அப்புறம் எத்தனை முறை ஒற்றினாலும் படத்தோடு ஒரு பெருக்கல் குறியும் சேர்ந்து விழும். விற்றுப்போன பதினொன்றையும் முடிந்தால் திரும்ப வாங்கிவிடச் சொன்னார்.

முப்பதும் எடுத்துக் காயவைத்தாயிற்று. கீறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொல்லித்தான் சுதர்சன் மேலே நின்றுகொண்டிருந்தார்.

"தவமணிக்காகத்தான் கேக்குறேன்" என்றார் கோதண்டம். "எனக்குன்னா கேக்க மாட்டேன்."

"வித்தீங்களே பதினொண்ணு, அது எல்லாம் எங்க இருக்கு?"

"வாங்கினவங்ககிட்ட."

"அவங்க எங்க மாட்டியிருக்காங்க?"

"அது எப்படி டீச்சர் எனக்குத் தெரியும்?"

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்கலையா?"

கோதண்டம் முழித்தார்.

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது படம் வாங்கினால் நன்றி என்று சொல்ல மாட்டார். "எங்க மாட்டப் போறீங்க?" என்று கேட்பார். ஃப்ரிட்ஜ் மேல என்பார்கள். பீரோ கதவுல என்பார்கள். ஆபீஸ் டேபிள்ல, பாஸ் வந்தா மறைச்சிடுவேன் என்று ஒருத்தர் சொன்னார். பதில் வந்த பிறகுதான் டீச்சர் படத்தைக் கையை விட்டுக் கொடுப்பார். கோதண்டம் இதை நூறு தடவை பார்த்திருக்கிறார். தன் படத்தை விற்கிற அவசரத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"போய் அந்தப் பதினொண்ணையும் திரும்ப வாங்கிட்டு வாங்க" என்றார் டீச்சர். "அப்புறம் கீறலாம்."

"பதினொண்ணையுமா?"

"அவருதானே கேக்குறாரு."

சுதர்சன் படி இறங்கி வந்தார். நல்ல மனுஷன்தான். வெயிலில் நின்றதற்குக்கூடக் கோபப்படவில்லை.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் தரேன் சார். அவசரமில்ல."

டீச்சர் அவரிடமும் கேட்டார். "நீங்க எங்க மாட்டப் போறீங்க?"

"கட்டிலுக்கு மேல. தலைமாட்டுல."

"அந்தக் கட்டில்ல யாரு தூங்குவாங்க?"

"கெஸ்ட்தான். வெளிநாட்டுக்காரங்க நிறைய வருவாங்க."

"அப்ப ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க" என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் தூங்குவாங்க."

சுதர்சன் சிரித்தார். கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கோதண்டம் எப்படி இங்கே வந்து மாட்டினார் என்று சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃப்ரேம் கடை வைத்திருக்கிறார். சாமி படம், கல்யாண போட்டோ, செத்துப்போனவர் போட்டோ. எல்லாமே மெஷினில் வந்தது. அடுத்தவர் படத்துக்குச் சட்டம் அடித்து அடித்தே தலை நரைத்துவிட்டது. ஒரு நாள் இட்லிக் கடை அன்னபாக்கியம் ஒரு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். டிராக்டர் மேல் ஒரு கொக்கு நிற்கிற படம். கண்ணாடி போடுவதற்காகத் துடைக்கும்போது கோதண்டத்தின் கட்டைவிரலில் மை தடிப்பாக இடறியது. யாரோ கையால் அழுத்தியிருக்கிறார்கள்.

"இதை எங்க வாங்குனே?"

"பாலத்துக்கு அடியில ஒரு பொண்ணு விக்குது. ஒரு பிரியாணி விலைதான்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கம்பளி நூலில் தவளை பின்னி வைத்திருந்தாள். ஒரு செக்யூரிட்டிக்காரர் கொட்டாங்குச்சியில் படகு செய்து கொண்டுவந்திருந்தார். ஒரு அம்மா பெயிண்ட் டப்பாவில் நெருப்பு மூட்டிக் களிமண் தோடு சுட்டுக்கொண்டு வந்திருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஏசி இல்லை. எதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் செய்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாலத்து மேலதான் போறேன் வர்றேன். ஒரு தடவை கீழ எட்டிப் பாக்கலையே" என்றார் கோதண்டம்.

அன்றைக்கு ஒரு ஜோடி தோடு வாங்கிக்கொண்டு போனார். தவமணி விலையைக் கேட்டார். சொன்னார். "பொய் சொல்லாதீங்க" என்றார் தவமணி. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இன்னும் கழற்றவில்லை.

டீச்சரிடமும் கோதண்டம் கேட்டார். "இவ்வளவு வேலை இருக்கு இதுல. ஏன் இவ்வளவு கம்மியா விக்கிறீங்க?"

"ஒரு பிரியாணி விலைக்கு மேல போனா யோசிப்பாங்க. யோசிச்சா வாங்க மாட்டாங்க. வாங்கலைன்னா அது என் வீட்டுலயே கிடக்கும். என் வீடு சின்னது."

"எனக்கும் சொல்லித் தருவீங்களா?"

டீச்சர் பையில் இருந்து ஒரு அழி ரப்பரை எடுத்துக் கொடுத்தார். "இதுல ஒரு கோடு நேரா செதுக்கிட்டு வாங்க அங்கிள்."

ஒரு மாசம் ஆயிற்று, அந்தக் கோடு நேராக வர.

அந்தப் பஸ் படம் எப்படி வந்தது என்றால், ஒரு சாயங்காலம் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பாபநாசத்தில் இருந்து வருகிற மினி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. ஜன்னலோரத்தில் தவமணி. பாபநாசத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை. வாய் திறந்து நல்ல தூக்கம். எல்லாரும் இறங்கினார்கள். தவமணி இறங்கவில்லை. பஸ் அப்படியே ஷெட்டுக்குப் போய்விட்டது. கோதண்டம் கூப்பிட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். தவமணி ஷெட்டில் இருந்து முட்டி வலியோடு நடந்தே வந்தார். "எழுப்ப ஒரு நாதி இல்ல" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி கோதண்டம் கட்டையை எடுத்து உட்கார்ந்தார்.

சரி. திரும்ப வாங்கப் போன கதைக்கு வருகிறேன்.

பதினோரு பேரில் மூணு பேரைத்தான் கோதண்டத்துக்கு ஞாபகம் இருந்தது. மற்ற எட்டுப் படம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் அன்னபாக்கியம். படம் இட்லிக் கொப்பரைக்கு மேலே மாட்டியிருந்தது. ஆவி பட்டு ஓரம் சுருண்டிருந்தது.

"அன்னம், அந்தப் படத்தைத் திரும்பக் குடுத்துடு. ரெட்டிப்பு விலை தர்றேன்."

"எதுக்கு?"

சொன்னார்.

"நேத்து நீ தின்ன இட்லியை இன்னைக்கு நான் திரும்பக் கேட்டா குடுப்பியா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ரெண்டும் வித்ததுதானே."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார். அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. கரண்டியால் மாவை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறவ கோதண்டம். தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. எனக்குப் பதிலா அவ தூங்குறா. தூங்கட்டும். நீ உக்காரு, சாப்பிட்டுப் போ."

சாப்பிட்டார். அதற்கும் அன்னபாக்கியம் காசு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது டெய்லர் மஸ்தான் பாய்.

"குடுத்துடுவேனே. தாராளமா வாங்கிக்க" என்றார் பாய்.

"எங்க இருக்கு?"

"ஷார்ஜாவுல. என் மக எடுத்துட்டுப் போயிடுச்சு. அம்மா ஞாபகமா இருக்கட்டும்னு சொல்லிச்சு. அவங்க அம்மா பஸ்லயே ஏறினதில்ல, அது வேற விஷயம். பாஸ்போர்ட் இருக்கா உங்கிட்ட?"

மூணாவது ஆள் கண்டக்டர் வேலாயுதம். அதே மினி பஸ்ஸில் கண்டக்டர். கோதண்டம் பாபநாசம் போய், சாயங்காலம் திரும்பி வருகிற டிரிப்பில் பின் படியில் ஏறினார். கூட்டம் இருந்தது. பின்னாடியே நின்றுகொண்டார்.

இடது பக்கம் மூணாவது ஜன்னலுக்கு மேலே படம் இருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் மழைத் தண்ணீர் இறங்கி ஊறிப்போயிருந்தது.

அதற்குக் கீழே, அதே ஜன்னலில், தவமணி தூங்கிக்கொண்டிருந்தார்.

வாய் திறந்திருந்தது. மடியில் பை. பையில் ஊக்கு.

கோதண்டம் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கூப்பிடவில்லை.

ஸ்டாப்பில் ஆள் ஏறியாயிற்று. வேலாயுதம் விசிலை வாயில் வைக்கவில்லை. கையில் இருந்த நாணயத்தால் கம்பியில் ரெண்டு தட்டு தட்டினார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

"விசில் என்னாச்சு தம்பி?"

வேலாயுதம் திரும்பினார். "ஐயோ, சார்! படம் போடுற சார்தானே?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டே சந்தோஷப்பட்டார். "விசில் இருக்கு சார். ஜன்னல்ல ஆளு தூங்குறாங்கல்ல, அதான்."

"அது யாரு?"

"இவங்களா? ஒரு அக்கா. தினம் வருவாங்க. நான் படத்துல இருக்கறவங்களைச் சொல்லல சார். அது எங்கம்மா."

கோதண்டம் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அப்படியே எங்கம்மா சார். சூளையில செங்கல் தூக்கிட்டு பஸ்ல வரும். ஏறி உக்காந்த உடனே தூங்கிடும். ஒரு நாள் எங்கியோ கடைசி ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டானுங்க. மழை. நடந்தே வந்துச்சு. எழுப்பி விட ஒருத்தன் இல்ல பாருங்க. உங்க படத்தைப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. வாங்கி இங்க ஒட்டிட்டேன். ஒட்டின அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த பஸ்ல எவங்க தூங்கினாலும் எங்க எறங்கணும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குவேன். அவங்க ஸ்டாப் வந்தா நானே எழுப்பி விடுவேன்."

"எல்லாரையுமா?"

"காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் தூங்குற காலேஜ் பசங்களை விட்டுடுவேன். நடக்கட்டும், நல்லது."

ஒரு அம்மா சில்லறைக்காக அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். படம் ஊறிப்போச்சு பாருங்க. இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. ரெண்டாவே குடுங்க. எதிர் டிரிப் வண்டியில செல்வம்னு இருக்கான், அவனும் கேக்குறான். அவங்கம்மாவும் இப்படித்தானாம்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "நீங்க நல்லா இருக்கணும் சார். ஒரு பிரியாணி விலைக்கு யாரு சார் அம்மாவைத் தருவாங்க?"

கோதண்டம் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "டிக்கெட் ஒண்ணு குடுப்பா" என்றார்.

"உங்ககிட்ட எப்படி சார் வாங்குறது?"

"வாங்கு. நீ எங்கிட்ட காசு குடுத்துத்தானே வாங்கின."

ஊர் வந்தது. வேலாயுதம் மூணாவது ஜன்னலுக்குப் போனார். சீட்டுக் கம்பியில் நாணயத்தால் ரெண்டு தட்டு. பஸ்ஸுக்குத் தட்டியதைவிட மெதுவாக.

"அக்கா. வந்தாச்சு."

தவமணி கண்ணைத் திறந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தலைக்கு மேலே ஒரு தரம் பார்த்தார். பையை இடுக்கிக்கொண்டு முன் படியில் இறங்கினார். கோதண்டம் பின் படியில் இறங்கினார்.

"நீங்க எங்க இங்க?"

"சும்மா."

"டிக்கெட் எடுத்து சும்மா வர்ற ஆளா நீங்க?"

ரெண்டு பேரும் நடந்தார்கள். தவமணி இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

"அந்தப் படத்தைத் திரும்ப வாங்கிடலாம்னு வந்தேன்" என்றார் கோதண்டம்.

தவமணி நின்றுவிட்டார். "எதை? என்னையா?"

"அது நீதான்னு தெரியுமா?"

"என் பை எனக்குத் தெரியாதா? ஊக்கு வரைக்கும் செதுக்கி வச்சிருக்கீங்க. வாயைத் திறந்துக்கிட்டு வேற. ஊரே பாக்குது. மூடின மாதிரி போட்டா உங்க கை தேஞ்சுடுமா?"

"நீ சொல்லவே இல்லையே."

"கண்டக்டர்கிட்டயும்தான் சொல்லல. அவன் அம்மான்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். நான்தான்னு சொல்லி அதை எதுக்குக் கெடுக்கணும்?"

கோதண்டம் ரிசார்ட் விஷயத்தைச் சொன்னார். முழுசாகச் சொன்னார். ரெண்டு வருஷம் வேலைக்குப் போக வேண்டாம் என்பதை மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

தவமணி நடையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பூக்கடைப் பக்கம் வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ரெண்டு வருஷம் காலை நீட்டி உக்காந்திருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், ஆசையா இருக்கு."

"அதான்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் இதே பஸ்தான். அப்ப அங்க படம் இருக்குமா?"

பூக்காரி தண்ணீர் தெளித்தாள். ரெண்டு பேர் மேலும் பட்டது.

"உங்க கட்டை. உங்க இஷ்டம்" என்றார் தவமணி. நடக்க ஆரம்பித்தார். கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பாமலே சொன்னார். "தினம் அவன் எழுப்பி விடுறப்ப, மனசுக்குள்ள ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டுத்தான் எறங்குறேன். யாருக்குன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்."

கேட்கவில்லை. வீடு வரைக்கும் பையைக் கோதண்டம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுதர்சன் முதலிலேயே வந்து நின்றார். மேலிடத்தில் பேசிவிட்டாராம்.

"வித்தது வித்ததாவே இருக்கட்டும் சார். நீங்க அலைய வேணாம். கட்டையை மட்டும் கீறிடுங்க, போதும். பணம் கையோட கொண்டாந்திருக்கேன்."

ஒரு போன் வந்தது. பேசுவதற்காகக் காருக்குப் போனார்.

அது வரைக்கும் கோதண்டத்திடம் ஒரு சாக்கு இருந்தது. படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அதனால் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். இப்போது அதுவும் போயிற்று.

கட்டையைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"எத்தனை திரும்ப வாங்கினீங்க?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுகூட இல்ல. ரெண்டு ஆர்டர்தான் வாங்கிட்டு வந்தேன்."

"எங்க மாட்டியிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

இட்லிக் கடை, ஷார்ஜா, மூணாவது ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னார். தவமணி சொன்னதையும் சொன்னார். டீச்சர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். நடுவில் ஒரு சின்னப் பொண்ணு தவளை விலை கேட்டு வந்தது. பக்கத்துக் கடையைக் காட்டிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"அன்னைக்கு நான் இங்க வராம இருந்திருந்தா இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார் கோதண்டம். "சட்டம் அடிச்சுக்கிட்டே இருந்திருப்பேன். உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லாதீங்க" என்றார் டீச்சர்.

உளியை எடுத்தார். பாவாடை ஓரத்தில் அதன் முனையைத் துடைத்தார். கோதண்டத்திடம் நீட்டினார்.

"கீறுங்க."

"டீச்சர்?"

"போன வாரம் கேட்டீங்களே, கீறட்டுமா வேணாமான்னு. இப்ப பதில் சொல்றேன். கீறுங்க. குறுக்கே ரெண்டு கோடு. நல்ல விலை. அந்த அம்மாவுக்கு ஆசையாவும் இருக்கு."

கோதண்டம் உளியை வாங்கிக்கொண்டார். கட்டையைத் தொடைமேல் வைத்தார். முனையை வலது மேல் மூலையில் வைத்தார். பிறகு எடுத்து இடது மூலையில் வைத்தார்.

"எந்த மூலையில ஆரம்பிக்கிறது டீச்சர்?"

"எதுல ஆரம்பிச்சாலும் நடுவுல மூஞ்சி வழியாத்தான் போகும்."

கோதண்டம் கட்டையைப் பார்த்தார். மை ஏறி ஏறிக் கறுத்துப்போன முகம். திறந்த வாய். கன்னத்தில் ஜன்னல் கம்பி அழுத்திய கோடு. அந்த ஒரு கோட்டை வெட்டத்தான் அவருக்கு மூணு வாரம் பிடித்தது.

மேலே சுதர்சன் கார் ஹாரனை ஒரு தடவை அடித்தார். பேசி முடித்துவிட்டார் போல.

டீச்சர் நிமிர்ந்து பாலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு தன் கரண்டியை எடுத்துக்கொண்டு, தேய்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மெதுவாக் கீறுங்க. தூங்குறாங்க."

கோதண்டம் கீறவில்லை.